சயீத் என்ற பெயரும் சையது என்ற பட்டமும்: எங்கள் பாட்டனாரின் பெயரை எப்படி எழுதுவது?

கேள்வி: பேரணாம்பட்டு வாசகர்

அன்புள்ள நண்பர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற மாதம் வேலூரில் என் தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் அகீகா, அதாவது குழந்தைக்காக ஆடு அறுத்துக் கொடுத்து, முடி இறக்கியபோதே பெயரையும் சூட்டியிருக்க வேண்டும். ஆனால், காலஞ்சென்ற எங்கள் பாட்டனாரின் பெயரையே வைப்பது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்த பிறகு, அந்தப் பெயர் சரியாக என்ன என்பதில் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு எழுந்துவிட்டது.

தோல் பதனிடும் ஷாப்பில் அவரோடு வேலை பார்த்த பெரியவர்கள் அவரை ‘சயீத் பாய்’ என்று அழைத்ததை நான் சிறுவயதில் என் காதால் கேட்டிருக்கிறேன். பழைய குடும்ப அட்டையில் ‘சையத்’ என்று இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தில் ‘சைது’ என்று இருக்கிறது. என் தந்தையின் பள்ளிச் சான்றிதழில் பாட்டனார் பெயர் ஆங்கிலத்தில் எஸ், ஏ, ஐ, டி என்று நான்கே எழுத்துகளில் இருக்கிறது. பிறகு வாங்கிய கடவுச்சீட்டில் அது எஸ், ஒய், இ, டி என்று மாறிவிட்டது. என் தந்தை, ‘எல்லாம் ஒரே பெயர்தான், உச்சரிப்பில்தான் வேறுபாடு’ என்கிறார். மஸ்கட்டில் வேலை செய்யும் என் மச்சான், ‘இவை வெவ்வேறு பெயர்கள், பொருளும் வேறு, தவறாக எழுதினால் நாம் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னதாகிவிடும்’ என்று வாதிடுகிறார். அத்தை ஒருவர், ‘ஸைத் என்று வைத்துவிடுங்கள், அது குர்ஆனில் வரும் பெயர்’ என்று புதிதாக ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறார்.

இவற்றுள் எது எது, ஒவ்வொன்றின் பொருளும் வரலாறும் என்ன, தமிழில் எப்படி எழுதினால் குழப்பம் வராது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். குழந்தை வாழ்நாள் முழுவதும் சுமக்கப்போகும் பெயர் என்பதால் அவசரப்பட்டு எழுத மனம் வரவில்லை.

மறுமொழி 1: வாணியம்பாடி அரபு ஆசிரியர்

வ அலைக்குமுஸ்ஸலாம். குழந்தைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தருவானாக.

உங்கள் மச்சான் சொல்வதே சரி. நம் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகக் கேட்கும் மூன்று பெயர்கள் இங்கே கலந்துவிட்டன. அரபு எழுத்தில் பார்த்தால் அவற்றுக்குள் உறவே இல்லை.

முதலாவது ஸயீத். சீன், ஐன், தால் ஆகிய மூன்று மூல எழுத்துகளிலிருந்து பிறந்தது. நடுவில் நிற்கும் ஐன் என்ற எழுத்துதான் இதன் அடையாளம். ‘மகிழ்ச்சியானவன்’ என்று பலர் பொருள் எழுதுகிறார்கள். அது குறைவான பொருள் என்பது என் எண்ணம். ஒரு பண்டம் கிடைத்ததால் வரும் மகிழ்ச்சிக்கு அரபியில் ஃபரஹ் என்ற வேறு சொல் உண்டு. ஸயீத் என்பவன் பேறு வாய்த்தவன். நம் பக்கத்து வழக்கில் சொன்னால் பாக்கியவான். குர்ஆனின் ஹூது அத்தியாயம் 105ஆம் வசனத்தில் மறுமை நாளில் கூடியிருக்கும் மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்களில் ஷகீ என்பவரும் உண்டு, ஸயீத் என்பவரும் உண்டு என்று இரண்டாகப் பிரித்துக் காட்டப்படுகிறது. ஷகீ என்றால் பேறு இழந்தவன். ஆகவே இந்தப் பெயரை வைக்கும் பெற்றோர், தங்கள் பிள்ளை அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்க வேண்டும் என்ற துஆவையே, அதாவது வேண்டுதலையே, பெயராக வைக்கிறார்கள்.

இது இஸ்லாத்துக்கு முன்பே அரபிகளிடம் வழங்கிய பெயர். சுவர்க்கத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்து நபித்தோழர்களுள் ஒருவரான ஸயீத் இப்னு ஸைத் அவர்களுக்கு, நபியவர்களின் தூதுத்துவத்துக்கு முன்பே அவருடைய தந்தை இப்பெயரை வைத்துவிட்டார். உமர் அவர்களின் சகோதரி ஃபாத்திமாவை மணந்தவர் இவரே. உமர் அவர்கள் கோபத்தோடு நுழைந்து, குர்ஆன் ஓதப்படுவதைக் கேட்டு மனம் மாறியதாகச் சொல்லப்படும் வீடு இவருடைய வீடுதான். இதே மூலத்திலிருந்து வரும் ஸஅத், ஸுஆத், மஸ்ஊத், அஸ்அத் ஆகிய பெயர்களும் பழமையானவை. பண்டை அரபிகள் வானத்தில் சந்திரன் தங்கும் இருபத்தெட்டு இடங்களுள் நான்குக்கு ஸஅத் என்று தொடங்கும் பெயர்களை வைத்திருந்தார்கள். கும்ப ராசியில் உள்ள ஒரு விண்மீன் இன்றும் ‘ஸஅதுஸ் ஸுஊத்’, அதாவது பேறுகளுள் பெரும்பேறு, என்ற பெயரின் திரிபாலேயே உலகெங்கும் அறியப்படுகிறது.

இரண்டாவது ஸய்யித். சீன், வாவ், தால் என்பவை இதன் மூல எழுத்துகள். தலைவன், எசமான் என்பது பொருள். இதில் ஐன் கிடையாது. யா என்ற எழுத்து இரட்டித்து ஒலிக்கும். யஹ்யா நபியைக் குர்ஆன் இச்சொல்லால் சிறப்பிக்கிறது. நபியவர்கள் தம் பேரர் ஹஸனைக் குறித்து ‘என்னுடைய இந்த மகன் ஸய்யித்’ என்று சொன்னதாக ஹதீஸ் உண்டு. பிற்காலத்தில் ஹஸன், ஹுஸைன் ஆகிய இருவர் வழியில் நபியவர்களின் வமிசத்தில் வந்தவர்களைக் குறிக்கும் மரியாதைப் பட்டமாக இது நம் நாட்டில் நிலைத்தது. உங்கள் மச்சான் சுட்டிக்காட்டியது இதைத்தான்: அந்த வமிசத்தில் வராதவர் அதைத் தம் பெயரில் சேர்த்துக்கொள்வது, தமக்கில்லாத பாட்டனாரை உரிமை கொண்டாடுவதாகும்.

மூன்றாவது ஸைத். இதன் முதல் எழுத்து ஸாய். ஆங்கிலத்தில் இஸட் கொண்டு எழுதுவார்கள், தமிழில் ‘ஜைத்’ என்றும் எழுதுகிறார்கள். பெருகுதல், வளர்தல் என்பது பொருள். நபித்தோழர்களில் குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே ஒருவர் ஸைத் இப்னு ஹாரிஸா என்பதால் உங்கள் அத்தை சொன்னது பிழையில்லை; நல்ல பெயர்தான். ஆனால் அது உங்கள் பாட்டனாரின் பெயராக இருக்க வாய்ப்பில்லை.

ஸயீத் என்ற பெயரின் பொருளை ஒருவர் உயிரைக் கொடுத்துக் காத்த நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நபித்தோழர் இப்னு அப்பாஸ் அவர்களின் மாணவரும் பேரறிஞருமான ஸயீத் இப்னு ஜுபைர், ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜுக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்து, பல ஆண்டுகள் மறைந்து வாழ்ந்து, பிடிபட்டு, 714ஆம் ஆண்டில் அவன் முன் நிறுத்தப்பட்டார். ஹஜ்ஜாஜ் பெயரைக் கேட்டான். அவர் ‘ஸயீத் இப்னு ஜுபைர்’ என்றார். ‘இல்லை, நீ ஷகீ இப்னு குஸைர்’ என்றான் அவன். ஜுபைர் என்ற சொல்லில் முறிந்த எலும்பைப் பொருத்திச் சீராக்கும் பொருள் உண்டு. குஸைர் என்பதில் முறிக்கும் பொருள் உண்டு. பேறு பெற்றவனைப் பேறற்றவன் என்றும், சீராக்கியவன் மகனை முறித்தவன் மகன் என்றும் ஒரே வரியில் திருப்பிவிட்டான். அதற்கு அவர், ‘என் பெயரை உன்னைவிட என் தாய் நன்கு அறிவாள்’ என்று மறுமொழி சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். அவர் கொல்லப்பட்டார், ஹஜ்ஜாஜும் அதே ஆண்டில் இறந்தான். பாடம் நடத்தும்போது இந்த இடம் வந்தால், என்னால் இன்றும் சற்று நிறுத்தாமல் மேலே செல்ல இயலுவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அரசு அலுவலகங்களில் பிறர் எழுதியதை எல்லாம் ஒருபுறம் வையுங்கள். உங்கள் பாட்டனார் தம் கையால் உருதுவிலோ அரபு எழுத்திலோ போட்ட கையெழுத்து எங்கேனும் இருக்கிறதா? ஜமாஅத்தின் நிக்காஹ் (திருமண) பதிவேட்டில் நிச்சயம் இருக்கும். அதில் ஐன் இருந்தால் அவர் ஸயீத், இல்லையென்றால் ஸய்யித். ஒரே எழுத்தில் முடிவு தெரிந்துவிடும்.

மறுமொழி 2: மேல்விஷாரம் வாசகர்

அரபு ஆசிரியர் ஹஜ்ரத் அவர்களின் விளக்கத்துக்கு மிக்க நன்றி. ஒரு சிறு திருத்தத்தைப் பணிவுடன் முன்வைக்கிறேன். தமிழ்நாட்டில் சையது என்று பெயர் வைத்தவர்கள் எல்லோரும் வமிச உரிமை கோரியவர்கள் என்று கொள்ள இயலாது. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது பாதுஷா அவர்களின் முழுப்பெயர் சையது அப்துல் காதிர் என்று தொடங்குகிறது; ஏர்வாடியில் அடங்கியிருப்பவர் சையது இப்ராஹீம். அந்தப் பெரியவர்கள்மீது கொண்ட பக்தியால், அவர்களுடைய பெயரை அப்படியே, பட்டத்தையும் சேர்த்தே, தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த எளிய குடும்பங்கள் ஏராளம். என் தந்தையின் பெயரும் அப்படி அமைந்ததே. எங்களுக்கு எந்த வமிசப் பெருமையும் இல்லை. எங்கள் முன்னோர் அதைக் கோரியதும் இல்லை.

மறுமொழி 3: வாணியம்பாடி அரபு ஆசிரியர்

நீங்கள் சொல்வது நியாயம், சகோதரரே. மூலப்பொருளை மட்டும் பார்த்து எழுதிவிட்டேன். ஒரு பெரியவரின் பெயரை முழுமையாக எடுத்து வைப்பது வேறு, தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொள்வது வேறு என்பதை நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். அரபு நாடுகளிலும் இந்தச் சொல் எங்கும் வமிசத்தையே குறிப்பதில்லை; இன்றைய அரபியில் நாம் ‘திரு’ என்று எழுதும் இடத்தில் அதை எழுதுகிறார்கள். கேள்வி கேட்டவரின் மச்சான் இருக்கும் ஓமானில் அரச குடும்பத்தாருக்கு ஸய்யித் என்பது பட்டம். அங்கே அது தலைவர் என்ற பொருளில்தான் நிற்கிறது. அக்குடும்பத்தில் 1856 வரை ஓமானையும் ஸான்ஸிபாரையும் ஆண்டவர் ஸய்யித் ஸயீத் இப்னு சுல்தான். நாம் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்களும் ஒரே மனிதரின் பெயரில் அடுத்தடுத்து, தெளிவாக, வேறு வேறாக நின்றன.

மறுமொழி 4: ஆற்காட்டு வரலாற்று ஆர்வலர்

இந்த உரையாடலைப் படித்தபோது என்னால் எழுதாமல் இருக்க இயலவில்லை. ஏனெனில், உங்கள் பாட்டனாருக்கு நேர்ந்ததே நம் ஆற்காட்டின் முதல் பெரிய நவாபுக்கும் நேர்ந்திருக்கிறது.

அந்நாளில் கர்நாடகம் எனப்பட்ட நம் பகுதியின் தலைநகரைச் செஞ்சியிலிருந்து ஆற்காட்டுக்கு மாற்றி, பாலாற்றங்கரையில் ஒரு பெருநகரத்தை உருவாக்கியவர் சாதத்துல்லா கான். இவருடைய படையோடு மோதித்தான் 1714இல் செஞ்சியின் தேசிங்கு ராஜன் போர்க்களத்தில் இறந்தான். தேசிங்கு கதைப்பாடலைக் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு நவாபு என்றாலே இவர் நினைவுதான் வரும். சாதத்துல்லா கான் என்பது அவருடைய பிறவிப் பெயர் அன்று. அரசு வழங்கிய பட்டம். அவருடைய சொந்தப் பெயர் முகம்மது ஸயீத். ஆசிரியர் மேலே சொன்ன அதே சீன், ஐன், தால் மூலத்திலிருந்துதான் ஸஆதத், அதாவது பேறு, என்ற சொல்லும் வருகிறது. ஸயீத் என்ற பெயருடையவருக்கு ‘இறைவன் அருளிய பேறு’ என்று பொருள்படும் ஸஆதத்துல்லா என்ற பட்டத்தைத் தேர்ந்து கொடுத்தவர்கள், அவருடைய பெயரின் பொருளை நன்கு உணர்ந்தே கொடுத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

ஆனால் இன்று இணையத்தில் தேடினால் பல பக்கங்களில் அவர் முகம்மது சையது என்றே இருக்கிறார். நவாயத் என்ற, கொங்கணக் கரை வழியாக வந்த குலத்தைச் சேர்ந்தவர் அவர். ஜஸ்வந்த் ராய் என்பவர் அவருடைய வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதினார். அந்த நூலின் பெயரே ‘ஸயீத் நாமா’. நூலின் பெயரில் ஐன் நிற்கும்போது, ஆங்கிலத்தில் எழுதியவர்களின் கையில் அந்த ஐன் கரைந்து, நவாபு சையது ஆகிவிட்டார்.

அவர் பெயர் அதே குடும்பத்தில் இன்னொரு முறையும் வைக்கப்பட்டது. சாதத்துல்லா கானுக்குப் பிள்ளை இல்லாததால் 1732இல் அவர் இறந்தபின் அண்ணன் தம்பி வழியில் வந்த தோஸ்த் அலி பதவிக்கு வந்தார். அவருடைய மகன் சப்தர் அலி 1742இல் நம் வேலூரில் கொலையுண்டார். சப்தர் அலியின் மகனான சிறுவனுக்கும் முகம்மது ஸயீத் என்றே பெயர். அவனையும் இரண்டாம் சாதத்துல்லா கான் என்று எழுதுவார்கள். ஹைதராபாத் நிஜாமின் ஆணைப்படி, பின்னர் நவாபான அன்வருதீனின் பாதுகாப்பில் ஆற்காட்டில் வைக்கப்பட்டிருந்த அந்தச் சிறுவன் 1744இல் ஒரு திருமண வீட்டில் குத்திக் கொல்லப்பட்டான். அவனோடு ஆற்காட்டில் நவாயத் ஆட்சி முடிந்து, வாலாஜா வமிசத்தின் காலம் தொடங்கியது. பேறு என்று பொருள்படும் பெயர் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காத ஆயுளை, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இறைவன் கொடுக்கட்டும்.

மறுமொழி 5: குடியாத்தம் தமிழாசிரியர்

வணக்கம். அரபு எனக்குத் தெரியாது. தமிழில் எப்படி எழுதுவது என்ற பகுதிக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

பழியைத் தமிழ் எழுத்தின்மீது போட வேண்டியதில்லை. ‘சயீத்’ என்பதில் யகரம் ஒன்றுதான்; அதன்மேல் ஈகார நெடில் நிற்கிறது. ‘சையது’ என்பதில் முதலெழுத்திலேயே ஐகாரம் வந்துவிடுகிறது; பின்னே நெடிலே இல்லை. ‘யீ’ என்ற ஓரெழுத்தைக் காத்துக்கொண்டால் தமிழில் இவ்விரண்டும் ஒருபோதும் கலக்காது. கலக்கம் எங்கே நேர்ந்தது என்பதை உங்கள் கேள்வியே காட்டுகிறது. வாயால் சொன்ன பெயரைப் பள்ளியில் ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளில் எழுதினார்கள்; குறில் நெடில் வேறுபாடு அங்கேயே போய்விட்டது. அந்த நான்கு எழுத்துகளை அடுத்த அலுவலகத்தில் ஒருவர் தமிழுக்குத் திருப்பியபோது, அவருக்குப் பழக்கமான ‘சையத்’ ஆக்கினார். இன்னொருவர் எழுத்துக்கூட்டிப் படித்துச் ‘சைது’ ஆக்கினார். தமிழிலிருந்து நேரே தமிழுக்கு வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

ஐன் என்ற ஒலி நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் தமிழ் முஸ்லிம்கள் அதற்கு ஓர் அழகிய வழியை வெகுகாலமாகக் கையாண்டு வருகிறார்கள். ஜமாஅத், ஜும்ஆ, துஆ என்று எழுதும்போது சொல்லின் நடுவிலும் இறுதியிலும் உயிரெழுத்தைத் தனியே நிறுத்துகிறார்கள். அளபெடையில் அன்றிச் சொல்லின் இடையில் உயிர் வராது என்பது நம் இலக்கணம். அந்த வழக்கத்துக்கு மாறாக நிற்கும் உயிரைக் கண்டதும் கண் சற்று நிற்கிறது, அந்த நிறுத்தமே ஐனுக்கு அடையாளமாகிறது. அந்த முறைப்படி இப்பெயரை ‘ஸஈத்’ என்று எழுத வேண்டும். சமய நூல்களில் அப்படி எழுதியிருப்பதை நானும் கண்டிருக்கிறேன். அன்றாட வழக்கில் இரண்டு உயிர்கள் அருகருகே நிற்பதை நம் நா விரும்பாததால் நடுவே யகரம் புகுந்து ‘சயீத்’ ஆயிற்று. நன்னூல் விதிப்படி இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் யகரம் உடம்படுமெய்யாக வரும்; ஏகாரத்தின் பின் யகரமும் வரும், வகரமும் வரும். அகரத்தின் பின் வகரம் வர வேண்டும். இந்த யகரம் நம் இலக்கணத்தால் வந்ததாகத் தோன்றவில்லை. உருது பேசுவோரின் நாவிலிருந்து, நம் வடாற்காட்டில் இரு மொழியும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த பழக்கத்தால், தமிழுக்கு வந்தது என்றே கருதுகிறேன்.

ஸகரம் வேண்டுமா, சகரம் போதுமா என்பது உங்கள் விருப்பம். பெயரின் முதலில் ச வந்தால் நம்மவர் பெரும்பாலும் ஸ போலவே ஒலிக்கிறார்கள். ‘யீ’ மட்டும் சிதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 6: இராணிப்பேட்டை ஆவண எழுத்தர்

பெயர் முடிவானதும் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆகவே அவசரம் இல்லை. சேர்க்கும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் நெடிலுக்காக ‘இ’ என்ற எழுத்தை இரட்டித்து எழுதுங்கள். பாட்டனாரின் பழைய பத்திரத்தைத் திருத்த முயல வேண்டாம். சொத்து விற்கும் காலம் வந்தால், இந்த எழுத்துமுறைகள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று உறுதிமொழி ஆவணம் எழுதிக்கொள்ளலாம்.

மறுமொழி 7: பேரணாம்பட்டு வாசகர்

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஹஜ்ரத் சொன்னபடி தேடினோம். நிக்காஹ் பதிவேட்டின் அந்த ஆண்டுப் பக்கங்கள் நீர்பட்டு அழிந்துவிட்டன. ஆனால் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியில் பாட்டனாரின் கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆட்டுத்தோல் வாங்கிய கணக்கு, கடுக்காய் வாங்கிய கணக்கு, வாரக்கூலி என்று உருதுவில் நெருக்கமாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வாரக் கணக்கின் கீழும் கையெழுத்து. சீன், ஐன், யா, தால். எனக்கு உருது படிக்க வராது. தம்பி மனைவிதான் படித்துச் சொன்னாள், பிறகு ஐன் எது என்று எனக்கு விரலால் தொட்டுக் காட்டினாள். ஏறத்தாழ நாற்பது கையெழுத்துகளில் ஒன்றில்கூட அது விடுபடவில்லை.

என் தந்தை வெகுநேரம் அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தம் கடவுச்சீட்டில் தந்தை பெயரைத் திருத்த என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். எண்பது வயதில் அது தேவையா என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம், அவர் இசையவில்லை. ஆவண எழுத்தர் ஐயா அதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

குழந்தைக்கு வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முகம்மது சயீத் என்று பெயர் சூட்டுகிறோம்.